மதுரை ரயிலில் வந்த மூக்கு

கையில் துணியைக் கொடுத்ததும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிறீர்களே, அதே இடத்தில்தான் நானும் முழித்தேன். தண்ணீர் பீச்சும் மெஷினுக்கும் மெருகு போடும் மெஷினுக்கும் நடுவில், சுவரோரமாக. உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு அப்போதே ஐம்பது நெருங்கிவிட்டது. ஆனால் முழிக்கிற முழியில் வயது வித்தியாசம் தெரியாது.

தோள்பட்டை மக்கர் பண்ணுவதால் நான் மெஷினைக் கீழே வைத்துவிட்டேன். "சும்மா போகாதீங்கண்ணே, புதுசா வந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று ஓனரம்மா சொன்னார். ஷாம்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் போடாததை நான் சொல்கிறேன்.

இந்தக் கார் கழுவும் கடைக்கு வருவதற்கு முன்னால் நான் ஜீப் ஓட்டினேன். காலையில் போடியில் ஆட்களை ஏற்றி, மெட்டு மலைப்பாதை ஏறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது. ஒருநாள் ஜீப்புக்கு வயதாகிவிட்டது, இனி எஃப்.சி. கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். என்னையும் பக்கத்தில் நிறுத்திச் சோதித்திருந்தால் எனக்கும் அதே பதில்தான் வந்திருக்கும். ஜீப்பு இரும்பு விலைக்குப் போனது. என்னை அந்த விலைக்கும் யாரும் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போவாள். அவள் கொண்டுவரும் கூலியில் நான் டீ குடிப்பேன். டீ இனிக்கத்தான் செய்தது, இறங்கத்தான் மாட்டேன் என்றது.

ஸ்டேஷன் ரோட்டில் இந்தக் கடை திறந்த புதிது. கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர் எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: 'வேலைக்கு ஆட்கள் தேவை.' அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில்: 'முன் அனுபவம் கட்டாயம்.'

வீட்டில் வந்து சொன்னேன்.

"கார் கழுவுற சோலியா? நீயா?" என்றாள் அவள். "நீ ஜீப்பக் கழுவி நான் பாத்ததே இல்லையே. மழை பேஞ்சாத்தேன் அதுக்குக் குளியலு."

"அதெல்லாம் கேட்டா சொல்லிக்கிருவேன்."

"என்னத்தச் சொல்லுவ? அனுபவம் கட்டாயம்ண்டு போட்ருக்காம்ல?"

"எல்லாரும் அனுபவம் உள்ள ஆளைத்தேன் எடுப்பேன்ண்டா, அனுபவம் எங்க போயி விளையும்? மரத்துலயா?"

வீட்டில் பேசும்போது எனக்கு வீரம் நன்றாக வரும். மறுநாள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன், அது இழுக்கிற கதவு. தள்ளித் தள்ளிப் பார்த்து, கடைசியில் உள்ளேயிருந்து ஓனரம்மாவே திறந்துவிட்டார். முன் அனுபவம் இல்லை என்பதைக் கதவிலேயே நிரூபித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன்.

ஓனரம்மாவுக்கு அப்போது முப்பது வயதிருக்கும். போடிப் பெண்தான். கோயம்புத்தூரில் தொழில் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றதையும் மீறிக் கடை போட்டவர். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் கம்மியாக உளறியிருப்பேன்.

"அண்ணே, டீடெய்லிங், அதான் கார உள்ளயும் வெளியவும் சுத்தம் பண்ற வேலை, எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா."

"கோர்ஸு எதுவும்?"

"இல்ல."

"சாதாரண வாட்டர் சர்வீஸ்லயாச்சும் நின்னிருக்கீங்களா?"

"நின்னிருக்கேன். ஜீப்ப விட்டுட்டு, வெளிய டீக்கடைல."

"அப்ப அனுபவமே இல்லைன்னு சொல்லுங்க."

"இருக்கும்மா. நீங்க அழுக்க எடுக்குற பக்கம் நிக்கிறீங்க. நான் இம்புட்டு வருசமா அழுக்க ஏத்துற பக்கம் நின்னவன். மெட்டுல எந்த வளைவுல யாரு வாந்தி எடுப்பாங்க, அது சீட்டுக்கு அடியில எங்க போயி ஒளியும், எத்தனை நாளு கழிச்சு வாடை கெளம்பும், எல்லாம் சொல்லுவேன். ஒரு பக்கம்தேன் தெரியாது. அத நீங்க சொல்லிக் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரைக் காட்டினார்.

"என்கிட்ட இருந்த ஆளு திடீர்னு நின்னுட்டான். மத்தியானம் இந்த வண்டியக் குடுக்கணும். உள்ள ஏலக்காய் வாடை சுத்தமாப் போகணும். போச்சுன்னா, உங்க சோலியப் பத்திப் பேசுவோம்."

"ஏலக்காய் வாடை போகணுமா? அத வேணும்ண்டுல்ல காசு குடுத்து வாங்குறாய்ங்க?"

அப்போதுதான் விவரம் சொன்னார். வண்டி ஒரு ஏலக்காய் வியாபாரியுடையது. அவர் மருமகள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண், மாசமாக இருக்கிறாள். ஏலக்காய் வாடை பட்டாலே குடலைப் புரட்டுகிறது. உடம்பு வற்றிப்போய், மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்கிறார்கள். இந்தக் காரில் ஏற்றினால் தேனி தாண்டுவதற்குள் மயங்கிவிடுகிறாள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள். நாளைக்கு எப்படியும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

"இதுவும் சரியா வரலைன்னா அந்தப் பொண்ணு வண்டிலயே ஏறாது. என் கடைக்கும் இந்த ஊர்ல இனிமே எவனும் ஏற மாட்டான்" என்றார் ஓனரம்மா.

நீராவி மெஷினைக் கையில் கொடுத்தார். பொத்தானை அமுக்கியதும் அது 'புஸ்' என்று சீறியது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன், போலீஸ் துப்பாக்கி நீட்டியதைப் போல. குழாய் தானாகத் தரையில் புரண்டு என் லுங்கியை நனைத்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டோம். அந்தக் காலைப்பொழுதை நான் விவரிக்கப்போவதில்லை. சீட்டு, மேற்கூரை, கால்மிதி, பெல்ட்டு, டிக்கி என்று அவர் சொல்லச் சொல்லத் தேய்த்தேன். சொல்லாததையும் தேய்த்தேன்.

முடித்துவிட்டு மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஓனரம்மா தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்தார். ஒன்றும் இல்லை. எதிர்க் கடை டீ மாஸ்டரைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னோம். "புதுக் காரு மாதிரி இருக்குண்ணே" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன்.

"வாடையே இல்லாமப் பண்ணிட்டேன்டி."

"யாரு சொன்னா?"

"நானு, ஓனரம்மா, டீ மாஸ்டரு, மூணு பேரு."

"மூணு பேரும் எந்த ஊரு?"

"போடிதேன்."

"நேத்து பஸ்சுல பக்கத்துல உக்காந்த வெளியூர்க்காரி, 'என்னக்கா, சேலையில ஏலக்காய அரைச்சுத் தேச்சிருக்கியா'ண்டு மூக்கப் பொத்துனா. இம்புட்டு வருசம் எங்கூட இருக்கியே, நீ ஒரு நாளாச்சும் அப்பிடிச் சொல்லிருக்கியா?"

போனை வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. இந்த ஏலக்காய் ஊரில் நமக்கெல்லாம் அந்த வாசம் தெரியாது, தெரியவும் செய்யாது. பிறந்ததிலிருந்து அதைத்தான் இழுத்து விடுகிறோம். மூட்டையில் மூக்கை வைத்து முகர்ந்தால் தெரியும், அவ்வளவுதான். ஒரு காருக்குள் மிச்சம் இருக்கிற வாடையைக் கண்டுபிடிக்கும் மூக்கு இந்த ஊரிலேயே கிடையாது. ஓனரம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் கழுவின கண்ணாடி மாதிரி வெளிறிப்போனது.

"இப்ப என்னண்ணே பண்றது?"

அந்த நேரத்தில்தான் மதுரை ரயில் ஊதியது.

நான் ஓடினேன். ஈர லுங்கி, காதில் நுரை, கழுத்தில் துண்டு. ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் முதலில் மறித்த ஆள் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். அவரைக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். இரண்டாவதாக மறித்தது, துணிப்பை நிறையச் சீர் சாமானோடு வந்த ஒரு அம்மாளை.

"ஆத்தா, ஒரு நிமிசம். நீங்க எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை. ஏன்?"

"ஏலக்காய் வாசம் தெரியுதா உங்களுக்கு?"

"எறங்குனதுலருந்து அதத்தானய்யா மோந்துக்கிட்டிருக்கேன். ஊரே பாயாசம் வச்ச மாதிரி கெடக்கு."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஆத்தா, நீங்க வெரசா வந்து ஒரு காருக்குள்ள ஏறி உக்காரணும்."

அந்த அம்மாள் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். "அடப்பாவி! பட்டப்பகல்ல பொம்பளையக் காருல ஏறச் சொல்றான். ஏ, யாராச்சும் இங்க வாங்கப்பா!"

ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். என்னோடு ஜீப் ஓட்டின பழைய கூட்டாளி ஒருத்தன் அங்கே இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். "மாப்ளே, ஜீப்புதேன் போச்சுண்டு நெனச்சேன், புத்தியும் போயிருச்சா?" என்று சிரித்தான். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். மாசமாக இருக்கிற பெண், வாடை, மயக்கம், மதுரை டாக்டர். சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் பையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

"மாசமா இருக்குறவளுக்குண்டு மொதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கு மூத்தவ வயித்துல இருக்கையில கருவேப்பிலை ஆகாது. தெருவுல எவ தாளிச்சாலும் நான் கெணத்தடிக்கு ஓடுவேன். நட, நட. சிலமலையில காதுகுத்துக்குப் போகணும் எனக்கு."

காரில் ஏறி உட்கார்ந்தார். முன் சீட்டு, பின் சீட்டு, டிக்கி எல்லாம் மோந்தார். "சோப்பு வாசந்தேன் வருது. நல்லாருக்கு" என்றார். நானும் ஓனரம்மாவும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

"இம்புட்டுத் தூரம் நடக்கவிட்டீக. அவியுது. செத்த நேரம் ஏசியப் போடுப்பா, உக்காந்துட்டுப் போறேன்."

போட்டேன். அந்த அம்மாள் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். பிறகு முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"என்னய்யா இது! பாயாச அண்டாக்குள்ளயே எறக்கிவிட்டுட்ட!"

அத்தனை நேரமும் ஏசியைப் போடாமலே கழுவியிருந்தோம், போடாமலே மோந்திருந்தோம். காற்று வரும் வழியைத் தேடி டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினோம். உள்ளே, காற்றாடிக்கு ஓரமாக, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிப்பு. ஒரு கைப்பிடி ஏலக்காய் இருக்கும்.

நான் கை நீட்டினேன். ஓனரம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தொடாதீங்கண்ணே. முதப்பறிக் காய். குலசாமிக்கு முடிஞ்சது."

தோட்டக்காரர்கள் அந்த வருடத்தின் முதல் பறிப்பில் ஒரு கைப்பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, கோயிலுக்குப் போகும்வரை வண்டியில் வைத்திருப்பார்கள். எங்கள் ஜீப்பிலும் இருந்திருக்கிறது. எடுத்தால் சாமி குத்தம். எடுக்காவிட்டால் அந்தப் பெண் தேனி தாண்ட மாட்டாள். அந்த நேரம் பார்த்து வியாபாரியிடமிருந்து போன்: கிளம்பிவிட்டாராம்.

ஓனரம்மா ஒரு வாசனை டப்பாவை எடுத்தார். மல்லிகை. "பெட்டிய மூடிருங்கண்ணே. இத நல்லா அடிச்சு விட்ருவோம்."

"வேணாம்மா."

"நேரம் இல்லண்ணே!"

"மெட்டுல ஒரு தடவ ஜீப்புக்குள்ள வாந்தி வாடைண்டு நான் ஊதுபத்தி கொளுத்தி வச்சேன். அதுவரைக்கும் ஒரு ஆளுதேன் வாந்தி எடுத்துச்சு. அடுத்த வளைவுல ஜீப்பே எடுத்துச்சு. வாடை மேல வாசத்த ஊத்துனா அந்தப் பொண்ணு தேனி இல்ல, இந்த ரோடே தாண்டாது. அவருகிட்ட நேராக் கேப்போம்."

"அவரு கோவக்காரர்ணே. சாமி விசயத்துல கை வச்சோம்னு ஊரெல்லாம் சொல்லிருவாரு. இது என் கடை. நீங்க இன்னும் வேலைக்கே சேரல."

"சேராததுனாலதேன் சொல்றேன். சேந்திருந்தா பயந்திருப்பேன்."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. சொல்லிவிட்டு உடனே பின்பக்கம் போய் முகம் கழுவுகிற சாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தைரியம் என்று நீங்கள் யாராவது என்னைப் பாராட்ட வந்தால் அந்தச் சுவரிடம் கேளுங்கள்.

வியாபாரி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெரிய மீசை. வந்ததும் கதவைத் திறந்து தலையை விட்டார்.

"வாடை போச்சா?"

ஓனரம்மா வாசனை டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். டீ மாஸ்டர் எதிர்ப்பக்கம் ஓடியே போய்விட்டார். நான்தான் மிச்சம்.

"போகல முதலாளி. இன்னும் ஒரு எடத்துல இருக்கு. அத நாங்க தொடல. நீங்கதேன் தொடணும்."

கழற்றிய பெட்டிக்குள் மஞ்சள் துணியைக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"அதக் கண்ணால பாக்குறதே தப்பு. எவன்டா பெட்டியத் தொறந்தது?"

"நாந்தேன்."

"யாரு நீ? இங்க வேலை பாக்குறவனா?"

"இன்னும் இல்ல முதலாளி. அது உங்க கையிலதேன் இருக்கு."

"சாமிய எறக்கச் சொல்றியாக்கும்?"

"எறக்கச் சொல்லல. சாமி உங்க மடியிலயும் இருக்கும். உங்க மருமக வயித்துல இருக்குறதையும் அதே சாமிதேன் பாக்கணும்."

என்னை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கன்னத்தைக்கூட லேசாகத் திருப்பி வைத்துக்கொண்டேன், வலது பக்கப் பல் ஏற்கெனவே ஆடுகிறது என்பதால். ஆனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றி, இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

ஏசியை ஓடவிட்டு, பெட்டிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் துடைத்தோம். அருப்புக்கோட்டை அம்மாள் மறுபடி ஏறினார். கண்ணை மூடினார். எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தோம்.

"ஒன்னும் இல்ல. நல்லாருக்கு" என்றார்.

வியாபாரிக்கு நம்பிக்கை வரவில்லை. "நானும் பாக்குறேன்" என்று, முடிப்பைக் கடைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அந்த அம்மாள் உடனே தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்னாச்சு ஆத்தா? மறுபடி வருதா?"

"காரு நல்லாத்தேன்யா இருக்கு. இந்த ஐயாதேன் மணக்குறாரு."

ஓனரம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் என்ன சொன்னால் காரியம் கெடுமோ அதையே சொன்னேன்: "முதலாளி, இங்க வண்டி கழுவுறது மட்டுந்தேன். ஆளைக் கழுவுற சோலி இன்னும் ஆரம்பிக்கல."

வியாபாரி இறங்கினார். சட்டைக் கையைத் தூக்கி மோந்தார். துண்டை மோந்தார். உள்ளங்கையை மோந்தார். அப்போது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எனக்கு ஒன்னும் தெரியலையே" என்றார், ஒரு மாதிரிக் குரலில்.

"எனக்கும் தெரியல முதலாளி. என் வீட்டுக்காரி பத்தியும் இன்னிக்குத்தேன் கேள்விப்பட்டேன்."

"என் மருமக கல்யாணமாகி வந்ததுலருந்து என்கிட்டத் தள்ளித் தள்ளியே நிக்கும். மரியாதைக்குண்டு நெனச்சேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நாளைக்கு நான் இந்தக் காருல போகக்கூடாது. அப்பிடித்தானே?"

"உங்க மகன் ஓட்டட்டும். காலையில மதுரைக்கு ரயிலு இருக்கு, நீங்க அதுல போகலாம்."

"காரு வச்சிருக்கவன ரயில்ல போகச் சொல்றான் பாரு" என்று அருப்புக்கோட்டை அம்மாளிடம் முறையிட்டார். "ரயிலு நல்லாத்தேன் இருக்கு, நான் அதுலதான வந்தேன்" என்றார் அந்த அம்மாள். சிலமலைக்கு அவரை நம்ம ஆட்டோக்காரன் சும்மாவே கொண்டுபோய் விட்டான்.

மறுநாள் நான் கடை வாசலில் நின்றிருந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மதுரை போகும் ரயிலுக்கு வியாபாரி நடந்து போவதைப் பார்த்தேன். தலைக்குக் குளித்து, புதுச் சட்டை போட்டு, இடுப்பில் மஞ்சள் முடிப்போடு. என்னைப் பார்த்து மீசைக்குள் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை இல்லை. மத்தியானம் ஓனரம்மாவுக்குப் போன் வந்தது. அந்தப் பெண் தேனி தாண்டி, உசிலம்பட்டி தாண்டி, டாக்டர் வீட்டு வாசல்வரைக்கும் தூங்கிக்கொண்டே போனாளாம். போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"வாசல்ல ஏன்ணே நிக்கிறீங்க? உள்ள வந்து சோலியப் பாருங்க. மொதல்ல முன்பக்கக் கண்ணாடியத் தொடைங்க."

இழுக்கிற கதவு என்பது நினைவில் இருந்தது. துணியும் பிளேடும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே 'முன் அனுபவம் கட்டாயம்' என்ற வரியைச் சுரண்டி எடுத்தேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. ஓனரம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நீங்கள் எல்லோரும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். வெயில் சாய்ந்து விழும்போது அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் ஓரமாக நின்று பாருங்கள். எழுத்து இருந்த தடம் இன்னும் லேசாகத் தெரியும். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் நான்தான் அதைப் போகவிடாமல் வைத்திருந்தேன். நீங்களும் அதைத் தேய்க்காதீர்கள்.